தானே மூடும் கதவு

"மூணு நாள் லேட்டுன்னு நீங்க எழுதிக் கொடுத்தாலே போதும் சார், அவரைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நன்னடத்தை அதிகாரியம்மா படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"மூணு என்ன மேடம், ஆறு நாள்!" என்றேன். பெரிய நீதிமான் மாதிரி தொண்டையை வேறு கனைத்துக்கொண்டேன்.

அவர் என்றால், என் சலவைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இஸ்திரிக்காரர். பதினாலு வருஷம் உள்ளே இருந்தவர். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஒழுங்காக ஒரு வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் வெளியே விட்டிருந்தார்கள்.

கூட்டி வந்ததும் நான்தான். சிறையில் நடந்த ஒரு விழாவில் என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. "யாருமே வேலை தரலைன்னா இவங்க எங்கே போவாங்க? இதோ, நான் தரேன்!" என்று முழங்கிவிட்டேன். ஒரே கைதட்டல்.

அப்போது அவரோடு எடுத்த போட்டோவை இடுப்பு உயரத்துக்குப் பெரிதாக்கி, கனமான தேக்குச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினேன். அதில் நான் முழுசாக இருப்பேன். இஸ்திரிக்காரருக்கு ஒரு தோளும் அரைக் காதும்தான் இடம் கிடைத்தது.

"ஏன் லேட்டு?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

"அதான் மேடம் விஷயமே. நீங்களே பாருங்க."

கேமரா பதிவை ஆபீஸ் டிவியில் ஓட்டிக் காட்டினேன். இஸ்திரிக்காரருக்கு வேலை எட்டரைக்கு, மற்றவர்களுக்கு ஒன்பதுக்கு. மனுஷன் எட்டு இருபதுக்கே வந்துவிடுகிறார். வந்து, வாசல் கதவுக்கு நேரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் வந்து கதவைத் தள்ளினால், அவர்கள் பின்னாலேயே உள்ளே நுழைகிறார்.

"கதவு பூட்டியிருந்துச்சா?"

"இல்லையே! போன வாரம்தான் தானா மூடிக்கிற ஸ்பிரிங் போட்டேன். ஜெயில்லேருந்து வந்தவர் இருக்கிற இடம், கதவு பப்பரப்பான்னு திறந்து கிடந்தா நல்லாவா இருக்கும்? ஆனா லேசாத் தள்ளினாலே திறக்கும். குழந்தைகூடத் திறக்கும்."

"ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டீங்களா?"

"'மன்னிச்சுக்குங்க சார்'னு தலையைக் குனிஞ்சுக்கறார். அவ்வளவுதான். எனக்கென்னமோ இடத்தை நோட்டம் விடறாரோன்னு..."

"அவர் அங்கே நிக்கும்போது நீங்க எங்கே இருந்தீங்க?"

"இங்கேதான் மேடம், பத்தடி தூரத்துல. இதே டிவியில பார்த்துக்கிட்டே இருந்தேன்."

சொல்லும்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் விடாமல் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். துவைக்கிற மெஷின்களை எல்லாம் பார்த்துக்கொள்பவர். அப்பா காலத்து ஆள். இருபது வருஷமாகக் கம்பெனிச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவில் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார்.

"தம்பி, வாசல்ல இருந்த என் செங்கல்லை எவன் எடுத்தது?"

"நான்தான்க்கா. குப்பையில போட்டேன். ஸ்பிரிங் போட்ட கதவுக்கு முட்டு எதுக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அடப்பாவமே! ஆறு நாளாவா இப்படி நிக்க வச்சிருக்கீங்க?"

"நான் எங்கே நிக்க வச்சேன்? அவரா நிக்கிறார்."

"பதினாலு வருஷமா அந்த மனுஷன் ஒரு கதவைக்கூடத் தன் கையால திறந்திருக்க மாட்டார் தம்பி. உள்ளே எந்தக் கதவா இருந்தாலும் முன்னாடி போய் நிக்கணும். வேற யாராவது வந்து திறக்கணும். கைக்குத் திறக்கிற பழக்கமே விட்டுப்போயிடும். வெளியில சொல்லவும் வெக்கமா இருக்கும். அதனாலதான் அவர் வர்றதுக்கு முன்னாடியே நான் செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பேன். போகப் போகப் பழகிடுவார்னு பார்த்தேன்."

அதிகாரியம்மா மெல்லத் தலையாட்டினார். "உண்மைதான். நானும் ஒண்ணு ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன்."

"உங்களுக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

அக்கா சாவிக்கொத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நானும் அங்கேருந்து வந்தவதான் தம்பி. எட்டு வருஷம். வேலைக்கு வந்த முதல் நாள், இதே கதவு முன்னாடி அரை மணி நேரம் நின்னேன். மறுநாள் உங்கப்பா ஒரு செங்கல்லைக் கொண்டாந்து வச்சார். ஏன் நின்னேன்னு கேக்கலை. யார்கிட்டயும் சொல்லவும் இல்லை."

அந்தச் செங்கல்லில் இடித்துக்கொண்டு எத்தனை தடவை அப்பாவிடம் கத்தியிருப்பேன்! ஒரு தடவைகூட அவர் வாயைத் திறக்கவில்லையே. அக்காவை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

படிவத்தை இழுத்து எழுதினேன்: 'தினமும் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிறார். கேமராவே சாட்சி.'

மறுநாள் விடியற்காலையிலேயே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறினேன். வண்டி வந்து எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தது. மணி எட்டே கால். முட்டுக்கொடுக்கக் கனமாக ஏதாவது வேண்டும். ஆபீசை ஒரு சுற்றுப் பார்த்தேன்.

எட்டு இருபதுக்கு இஸ்திரிக்காரர் வந்தார். கதவு திறந்திருந்தது. நேராக உள்ளே வந்தவர், குனிந்து பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயோ சார், உங்க போட்டோ தரையில கிடக்குதே! தொடைச்சு மேல மாட்டிடட்டுமா?"

"வேண்டாங்க, அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "அதுக்கே இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை கிடைச்சிருக்கு."