நாடி பார்ப்பதுபோல்

மூச்சை எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்; நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும். நர்சிங் மாணவி ஜெபக்கனிக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குவாரித் தூசியில் நுரையீரல் இறுகிப்போன கொம்பையாவுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை இறங்கியது, பிறகு ஏறவேயில்லை. விரலுக்கடியில் நாடி மட்டும் சேதி தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்க்கத் துணியாமல் ஜெபக்கனியின் முகத்தையே பார்த்திருந்த அவர் மனைவி கேட்டாள்: "நாடி இருக்கா, தாயி?"

"இருக்கும்மா."

"மவ பஸ்ஸ விட்டு இறங்கிட்டாளாம். கூட்டிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் கைய விட்டுராத."

அவள் ஓடினாள். அந்தக் கையில் முதன்முறையாக, ஜெபக்கனி நாடியை எண்ணத் தொடங்கினாள்.