முதலாளி கேட்ட நம்பர்

"ஒரு பொம்பள போனை ஒட்டுக்கேக்க உள்துறைச் செயலாளர் உத்தரவா? அவ என்ன தீவிரவாதியா?"

பட்டாசுக் கம்பெனி முதலாளி பாண்டிச்செல்வம் போட்ட சத்தத்துல சிவகாசி செல்போன் ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு.

அதிகாரி சபரிநாதன் அசையல. "தீவிரவாதின்னாலும் உத்தரவு வேணும் அண்ணாச்சி."

"தாயில்பட்டி வள்ளித்தாய். எங்கிட்டதான் வேல பாக்கா. ரூமுக்கு நாலு பேருதான் உக்காரணுமாம். சீசனாச்சேன்னு எட்டுப் பேர உக்கார வச்சா, அன்னைக்கே பேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் போன் போயிருது. அவதான்னு மட்டும் தெரியட்டும், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"ஒரு பொறி விழுந்தா எட்டு வீடு அண்ணாச்சி."

"அத நான் பாத்துக்கிடுதேன். இந்தாரும், போலீஸ் ஸ்டேஷன் லெட்டரு."

"இது செல்லாது. இத வச்சுக் கொடுத்தா என் வேலயும் போயிரும், எங்க செல்போன் கம்பெனி லைசென்சும் போயிரும்."

"என்னத்தச் சட்டமோ! ஒண்ணுக்கும் ஆகாத சட்டம்யா!"

சபரிநாதன் குரலத் தணிச்சார். "நேத்து உங்க நம்பரயும் ஒட்டுக்கேக்கணும்னு ஒருத்தர் வந்தாரு."

நின்னுக்கிட்டிருந்த முதலாளி உக்காந்துட்டார்.

"யாருய்யா அது?"

"வெளிய சொல்லக் கூடாது."

"கொடுத்துட்டீகளா தம்பி?"

"உத்தரவு இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லாருப்பீக! சட்டம்னா இப்படில்லா இருக்கணும்! யார் கேட்டாலும் விட்றாதீக."

"உத்தரவோட வந்தா அன்னைக்கே கொடுத்துருவோம் அண்ணாச்சி. உங்களுக்குச் சொல்லக்கூட மாட்டோம்."

முதலாளி கர்சீப்ப எடுத்துக் கழுத்தத் தொடச்சார். லெட்டர நாலாக் கிழிச்சுப் பையில போட்டார். வாசலுக்குப் போனவர் அங்கனயே நின்னு போர்மேனுக்குப் போன் போட்டார். பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

"ஏலே இசக்கிப்பாண்டி! ரூமுக்கு நாலு பேருதான், தெரியுதா? அஞ்சாவது ஆளு எட்டிப் பாத்தாக்கூட உன் சீட்டக் கிழிச்சிருவேன்! நம்ம கம்பெனியில என்னைக்கும் சட்டப்படிதான். ஆமா, சட்டப்படிதான்!"

சொன்னதையே, யாரோ ஒட்டுக்கேட்டு எழுதுற மாதிரி, இன்னொரு தடவ நிறுத்தி நிதானமாச் சொல்லிட்டு, பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

பில் கவுண்டர்ல இருந்த ரோஜாவுக்கு ஆச்சரியம் தாங்கல.

"அவர் நம்பரக் கேட்டு நேத்து யாரு சார் வந்தது? கலெக்டர் ஆபீஸ்லருந்தா?"

சபரிநாதன் அடுத்த ஃபைல எடுத்தார்.

"நேத்து ஞாயித்துக்கெழம. ஆபீஸே பூட்டித்தானம்மா கெடந்துச்சு."