தொட்டிக்குள் கத்தரிக்கோல்

மருந்துத் தொழிற்சாலையின் எஃகுத் தொட்டிக்குள், இருட்டில், கோடிக்கணக்கான ஈஸ்டுகள் சர்க்கரைத் தண்ணீரில் மிதந்தபடி வேலை செய்துகொண்டிருந்தன. சரியாகக் கழுவாத குழாய் வழியாக ஒரு பாக்டீரியா உள்ளே வந்து விழுந்தது.

"என்னண்ணே செய்றீங்க?" என்று பக்கத்திலிருந்த ஈஸ்டைக் கேட்டது.

"கத்தரிக்கோல் மாதிரி ஒரு நொதி, தம்பி. கிருமியைக் கொல்ற பழைய மருந்தோட வாலை இது நறுக்கும். மிச்சத்தில் புது மருந்து செய்வாங்க."

பாக்டீரியா அந்த நொதியைத் தொட்டுப் பார்த்தது.

"இது எங்க வீட்டில் செய்றதாச்சே! அதே வளைவு, அதே மடிப்பு. உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாருமில்லை. ஒருநாள் முழிச்சுப் பார்த்தேன், எங்கேயிருந்தோ வெட்டி எடுத்த ஒரு மரபணுவை மனுஷங்க எனக்குள்ள ஒட்டியிருந்தாங்க. அப்போ பிடிச்சு கை நிக்கவே இல்லை."

"புது மருந்து யாரைக் கொல்லும்?"

"உங்க ஆளுங்களைத்தான்."

"ஐயோ, நிறுத்துங்கண்ணே!"

தொட்டியிலிருந்த அத்தனை ஈஸ்டுகளும் ஒன்றாகத் திரும்பிப் பாக்டீரியாவைப் பார்த்தன. வேலை மட்டும் நிற்கவில்லை.

"நிறுத்த எனக்கும் ஆசைதான், தம்பி," என்றது ஈஸ்ட். "ஆனா இது என் கையில்லையே. உன் கை."