கல்லுடம்பு

கை நடுங்கினால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். நடுங்காதே என்று அவள் தன் கைக்கே சொல்லிக்கொண்டாள்.

"முனவர் பேகம்?"

"ஆமாங்க."

டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது. இறக்கிவிட்டு மறுபடியும் அடித்தார். பொய் சொன்னால் இதில் தெரிந்துவிடுமா?

"பனியன் கம்பெனியில மயங்கி விழுந்தது நீதானம்மா?"

"ஆமாங்க. இப்ப நல்லாயிட்டேனுங்க. வேலைக்குப் போகலாம்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"பிரஷர் இருநூறு காட்டுது. தலைவலி உண்டா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"அதுதாம்மா பயம். ஒண்ணுமே தெரியாம இருக்கும், ஒருநாள் கை கால் இழுத்துக்கும். மாத்திரையை விடாம சாப்பிடு, உப்பைக் குறை. கையெழுத்து இப்பப் போட மாட்டேன்."

டாக்டர் எழுதிய சீட்டும் மாத்திரைப் பொட்டலமுமாக அவள் வெளியே வந்தாள். உள்ளே போகும்போது இருந்த பயம் வேறு, இது வேறு.

வாசலில் காத்திருந்த அக்கா ஓடி வந்தாள். "போட்டாராடி, சாயிரா?"

"இல்லக்கா. பிரஷர் இருநூறாம்."

"உனக்கா? காய்ச்சல்கூட வராத கல்லுடம்புன்னுதானடி எனக்குப் பதிலா உன்னை உள்ள அனுப்புனேன்!" முனவர் தலையில் அடித்துக்கொண்டாள். "என் வேலை போச்சு. மாத்திரையாச்சும் குடு. மயங்கி விழுந்தவ நான். சீட்டும் என் பேர்லதான் இருக்குது."

சாயிரா சீட்டை மட்டும் நீட்டினாள். பொட்டலத்தை முந்தானையில் இறுக முடிந்துகொண்டாள்.

"இது எனக்குக்கா. நீ உள்ள போய்க் காட்டு."