பதினாறு எட்டு

'பீப்... பீப்... பீப்!'

மரம் செதுக்கும் புது சி.என்.சி. மிஷின் அலறியதும், பட்டறையின் அந்தக் கோடியில் துணி தைத்துக்கொண்டிருந்த சபீஹா ஓடிவந்து, அதிலிருந்த சிவப்பு பட்டனை ஓங்கி அமுக்கினாள். மிஷின் நின்றது.

அதைப் பொருத்த வந்திருந்த ஹேமநாத் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்தத் தாம்பரம் மரப்பட்டறையில் காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"அக்கா, நான் சும்மா டெஸ்ட் பண்றேன். நீங்க வந்து வந்து நிறுத்தினா எப்போ முடிக்கிறது?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஓடிவர பதினாறு எட்டு ஆகுது. இதே மாதிரி இன்னொரு பட்டன் என் தையல் மிஷின்கிட்ட வெச்சுக் கொடுங்க."

"எதுக்கு? ஓட்டப்போறது ஜாபர் அண்ணன். அவர் கைக்கிட்டயே ஒண்ணு இருக்கே!"

ஜாபர் அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, பலகையில் பாதி செதுக்கியிருந்த பூவைத் தடவி ரசித்துக்கொண்டிருந்தார். காலையில் ஹேமநாத் பாடம் சொன்னபோது, வைத்த கண் வாங்காமல் அவன் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்ட மனிதர்.

"வீட்டுக்காரர் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா? கட்டர் சிக்கினா அலாரம் அடிக்கும், உடனே நிறுத்தலைன்னா உடைஞ்சு மேல தெறிக்கும்னு சொன்னேன். அழகா தலையாட்டினாரே!"

சபீஹா கணவனின் முதுகையே பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"உங்க வாயசைவைப் பார்த்துத் தலையாட்டினாரு, தம்பி. அலாரம் அடிச்சா கேக்கறதுக்கு, அவருக்கு என் காதுதானே இருக்கு!"