சனிக்கிழமை சார்ஜ்

"கரக்… கரக்…"

சத்தம் பின்கதவுப் பக்கமிருந்து வந்தது. சோனா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். எலியாக இருக்காது. எலிக்கு இவ்வளவு நிதானம் கிடையாது. யாரோ ஸ்பேனர் போட்டுத் திருகுகிற சத்தம்.

பின்கதவு அரைச்சாண் திறந்துதான் கிடந்தது. சனிக்கிழமை ராத்திரி என்றால் அப்படித்தான் கிடக்கும். குவைத்துக்கு வேலைக்குப் போன புருஷன் ஜிபியின் பைக் பின்னால் தகர ஷெட்டில் நிற்கிறது. ஓடாமல் நிற்கிற பைக்கின் பேட்டரி செத்துப்போகுமாம். வாரத்தில் ஒரு ராத்திரி சார்ஜ் போட்டே ஆகவேண்டும். பிளக் இருப்பது சமையலறையில். வீடு, எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த லயத்து வரிசையில் ஒன்று; சுவரில் ஓட்டை போட விடமாட்டார்கள். ஆகவே வயர் கதவிடுக்கு வழியாகப் போகிறது. கதவை அடைத்தால் வயர் நசுங்கும்.

"பேட்டரியக் கழட்டி உள்ள வச்சு சார்ஜ் போட்டா என்னங்க?" என்று முதல் வாரமே போனில் கேட்டாள்.

ஜிபிக்கு ஆட்சேபணை இல்லை. அவன் அம்மா சந்தனமேரிக்கு இருந்தது.

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச வண்டிடி. முழுசா மந்திரிச்சதுல ஒண்ண மட்டும் பிரிச்சு எடுத்தா மந்திரிப்பு நிக்குமா?"

கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் வேதபாடம் படித்த சோனா, வயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்துவிட்டாள்.

"பயமா இருக்கு அத்தை. கதவு தொறந்து கெடக்கே."

"நான் இருக்கேன்ல. உனக்கு என்னடி பயம்?" என்று சொல்லிவிட்டு, அத்தை முன்னறையில் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். பின்கதவுக்குப் பக்கத்தில் சோனாவும் எட்டு மாத நிமியும்.

இன்றைக்கும் எட்டு மணிக்கு ஜிபி கூப்பிட்டான்.

"சார்ஜர்ல பச்சை லைட் வந்துருச்சா?"

"இன்னும் சிவப்புதான். நிமிக்கு மறுபடி சளி பிடிச்சிருக்குங்க."

"பேட்டரி டெர்மினல்ல வாசலின் தடவச் சொன்னேனே?"

"பாப்பாவோடத எடுத்துத் தடவினேன்."

"நல்லது. குளிர்ல பேட்டரி சீக்கிரம் எறங்கிரும். ஒரு சாக்கப் போத்திவிடு."

அந்த ஷெட்டில்தான் இப்போது சத்தம்.

"யாரது?" என்று சோனா கத்தியதில் லயத்தில் ஆறு வீட்டு லைட் எரிந்தது; டார்ச்சோடு ஆட்கள் ஓடிவந்தார்கள்.

டார்ச் வெளிச்சத்தில் நின்றது பக்கத்து வீட்டு வேதமுத்து. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவர். தனிக்கட்டை. அந்தியானால் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற ஆள் என்று பெயர். இடுப்பில் பிள்ளையைப் போல பேட்டரியை வைத்திருந்தார்.

"பாத்தியா, எங்க கை வச்சிருக்கான்னு," என்று தலையில் கம்பளியோடு ஓடிவந்தாள் சந்தனமேரி. "குடிக்கக் காசில்லைன்னா மந்திரிச்ச பொருளா கெடச்சுது?"

"பழைய இரும்புக் கடைக்குத்தான் கொண்டு போறாரு போல," என்றது ஒரு குரல்.

சந்தனமேரி அதற்குள் மகனை வீடியோ காலில் பிடித்துவிட்டாள். ஜிபி திரையில் எட்டிப் பார்த்தான்.

"மாமா, பேட்டரியச் சாய்க்காதீங்க. எந்த வயர முதல்ல கழட்டுனீங்க?"

"மைனஸ்."

"அப்பச் சரி."

"என்னடா சரி? திருடிட்டு நிக்கான்," என்று அத்தை போனை அணைத்தாள்.

குழந்தையை இடுக்கிக்கொண்டு சோனா முன்னால் வந்தாள். "எங்க மாமா கொண்டு போறீங்க?"

"எங்க வீட்டுக்குத்தான் தாயி. சார்ஜ் போட."

எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்க வீட்ல ஒரு சைக்கிள்கூட இல்லையே?"

"இல்லதான். பேட்டரி அங்க இருந்தா உங்க கதவ அடைக்கலாம்ல." வேதமுத்து பேட்டரியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "பன்னெண்டு சனிக்கிழமையா நான் ஒறங்கல. பச்சப்புள்ள படுத்திருக்க, கதவு வாயத் தொறந்துகிட்டுக் கெடக்கு. என் வாசல்ல உக்காந்து பாத்துகிட்டே இருந்தேன். மதினிகிட்டச் சொன்னா மந்திரிச்சதும்பாங்க. அதான் சொல்லாமக் கழட்டுனேன்."

"கதவு தொறந்து கெடந்தா உனக்கென்ன?" என்றாள் சந்தனமேரி.

"எனக்கு ஒண்ணுமில்ல. போன சனிக்கிழமை ஏலத்தோட்ட வேலியத் தாண்டி ரெண்டு பேரு வந்தானுக மதினி. இதே கதவுல நின்னு உள்ள எட்டிப் பாத்தானுக. நான் பலமா இருமுனேன். போயிட்டானுக. வயசான மனுசன், எத்தன வாரம் இருமுறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. டார்ச்சுகள் ஒவ்வொன்றாக வேலிப் பக்கம் திரும்பின.

சோனா உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டி, சார்ஜரோடு கொண்டுவந்து வேதமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"மந்திரிச்சது…" என்று அத்தை இழுத்தாள்.

"அப்படின்னா இனி சனிக்கிழமை நீங்க பின்கதவுகிட்டப் படுங்க அத்தை. நாங்க முன்னறைக்குப் போயிக்கிறோம்."

அத்தை வேலியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி வேலியைப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க மாமா, நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்," என்றாள் சோனா.

"அத விடு தாயி. புள்ளைக்குக் குளிருது. உள்ள போயி கதவ அடச்சுட்டுப் படு."

குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சோனா திரும்பினாள்.

பின்கதவு அடைத்திருந்தது. உள்ளேயிருந்து அத்தை தாழ்ப்பாள் போட்டுவிட்டிருந்தாள்.