நகத்தளவு ஆள்

அவர்கள் ஊர் வழக்கப்படி, பெண்ணுக்குப் பதினைந்து வயது முடிந்தால், விழா எடுத்து, தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் ஹீல்ஸை மாட்டிவிடுவது அப்பாவின் வேலை. யாமிலேவுக்கு அப்பா உயிரோடு இல்லை. மாமா ரமீரோதான் வெள்ளி நிற ஹீல்ஸோடு முட்டி போட்டிருந்தார்.

மண்டபம் முழுக்கப் படத்தில் அடங்கட்டும் என்று, விழாவைப் படமெடுக்க வந்த நெரெய்தா கேமராவில் அகல லென்ஸைப் போட்டிருந்தாள். திரையில், பின்கதவோரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நகத்தளவில் தெரிந்தார். நிமிர்ந்து பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

ஐம்பது எம்எம் லென்ஸுக்கு மாறினாள். யாமிலே பெரிதானாள், கதவும் பெரிதானது. அவர் மட்டும் அதே நகத்தளவு.

"இன்னும் எத்தனை லென்ஸுதான் மாத்துவ தாயி? பன்னிக்கறி ஆறிப்போகுது," என்றார் ரமீரோ.

"அந்தக் கதவுகிட்ட யாராச்சும் நிக்கிறாங்களாண்ணே?"

"அது பூட்டிக் கெடக்கு. படத்த எடு, முட்டி கழண்டுரும் போல."

யாமிலே சிரித்தாள். நெரெய்தா இன்னும் நெருக்கிக் காட்டும் எண்பத்தைந்து எம்எம் லென்ஸை மாட்டினாள். திரை நிறைய யாமிலேவின் முகம். காதோரம் அவர், அதே நகத்தளவு.

தூசியாகத்தான் இருக்கும் என்று லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். லென்ஸ் இல்லாத கேமராவில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். தெரிந்தது. அதன் நடுவே அவர் பிசிறில்லாமல் நின்றார். கையில் ஏதோ வெள்ளியாய் மின்னியது.

"அட, ஹீல்ஸ் எங்க?" ரமீரோ நாற்காலிக்கு அடியில் துழாவினார். "இப்பத்தானே கீழ வச்சேன்!"

நெரெய்தா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லென்ஸே இல்லாத கேமராவில் அவர் பெரிதாகிக்கொண்டே வந்தார்.